மோட்டாரக்கா நிரப்பாத படிவம்

மோட்டாரக்கா என்ற பெயரை வைத்தது நாங்கள் இல்லை. முப்பத்தோரு வருடம் அவர் வேலை பார்த்த நீரேற்று நிலையத்தில் வைத்த பெயர் அது. ஊருக்குத் தண்ணீர் தள்ளும் ஆறு மோட்டார்களையும் ஒரே அறையில் இருந்தபடி ஓட்டவும் நிறுத்தவும் வேண்டிய வேலை. அந்த ஷிப்டில் பெண் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். ஏதாவது ஒரு மோட்டாரின் சத்தம் லேசாக மாறினால்கூட, மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவாராம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்று எங்கள் மருத்துவமனையில்தான் கண்டுபிடித்தார்கள்.

நான் அங்கே நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் நர்ஸ். நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் யோக்கியமாக இருக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பார்க்கின்சன் நாள். முன்பெல்லாம் நோயாளிகள் வந்ததும் நான்கு பக்கக் காகிதப் படிவம் ஒன்றைக் கொடுப்போம். தூக்கம் வருகிறதா, நடக்கும்போது கால் ஒட்டிக்கொள்கிறதா, விழுந்தீர்களா, சிறுநீர் கட்டுப்படுகிறதா, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்று முப்பத்திரண்டு கேள்விகள். மோட்டாரக்கா ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அட்டையை மடியில் வைத்து, அரை மணி நேரம் எடுத்து நிரப்புவார். அவர் போடுகிற டிக் கட்டத்தைத் தாண்டி ஓடும். அதன் வால் பக்கத்துக் கேள்வி வரைக்கும் நீளும். ஆனால் எது ஆம், எது இல்லை என்பதில் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. முடித்ததும் நான்காக மடித்து என் கையில் தருவார். நான் டாக்டர் கையில் கொடுப்பேன். நடுவில் யார் கண்ணும் படாது.

ஒரு நாள் காகிதம் நின்றுபோனது. இனி எல்லாம் டிஜிட்டல் என்று வாசலில் பேனர் கட்டினார்கள். பேனரில் சிரித்தபடி டேப்லெட்டைத் தொடுகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விரல் ஆடாமல் அசையாமல் கம்பி மாதிரி நின்றது.

அந்தப் படிவத்தைச் செய்தது யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கை நடுங்கும் ஒரு மனிதரை ஒரே ஒரு தடவையாவது நேரில் பார்த்தவர் அதைச் செய்திருக்க முடியாது என்பது மட்டும் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துபோனது. உள்ளே நுழையவே, போனுக்கு வருகிற ஆறு இலக்க எண்ணை முப்பது வினாடிக்குள் அடிக்க வேண்டும். எங்கள் நோயாளிகளுக்குப் பையிலிருந்து போனை வெளியே எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும். பதில் சொல்ல மிளகு அளவு வட்டங்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. நடுங்குகிற விரல் ஒரு தடவை தொட்டால் படிவம் இரண்டு தடவை என்று எடுத்துக்கொள்ளும். முதல் தொடுதலில் பதிந்த ஆம், இரண்டாவதில் அழிந்துபோகும். ஐந்து நிமிடம் திரையைத் தொடாமல் இருந்தால், பாதுகாப்பு காரணங்களுக்காக என்று ஒரு வரி வரும்; எழுதிய அத்தனையும் காணாமல் போகும்.

கடைசியில் கையெழுத்து. இந்த நோய் வந்தால் கையெழுத்து வரவர எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துக்கொண்டே போகும். டாக்டர்கள் நோயைச் சந்தேகிப்பதற்கே அது ஒரு அடையாளம். அந்த நோய்க்காகவே செய்த படிவம், விரலால் போட்ட கையெழுத்தை நான்கு வருடத்துக்கு முந்தைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது நீங்கள் இல்லை என்று சொல்லி ஆளை வெளியே தள்ளியது.

முதல் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குள் ஹாலில் பதினெட்டு பேர் தேங்கிவிட்டார்கள். டாக்டர் உள்ளேயிருந்து மணி அடிக்கிறார். நாங்கள் என்ன செய்வது? ஊழியர்களுக்கென்று ஒரு பொதுக் கடவுச்சொல் இருந்தது. அதை அடித்தால் கையெழுத்து, ஆறு இலக்கம் எதுவும் கேட்காமல் படிவம் திறந்துகொள்ளும். ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று, நான்கு டேப்லெட்டின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் அந்தக் கடவுச்சொல்லை எழுதி வைத்தோம். எழுதியது நான்தான்.

மோட்டாரக்கா அன்று தனியாகத்தான் டேப்லெட் முன்னால் உட்கார்ந்தார். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். நாற்பது நிமிடம் போராடினார். மூன்று தடவை அழிந்தது. மூன்றாவது தடவை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கையை எடுத்து மடிக்குள் ஒளித்துக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் நின்றார்.

"வீட்ல யாரும் கூட வரலையாம்மா? அவங்களைப் போடச் சொல்லுங்க, சட்டுனு முடிஞ்சிடும்."

மகன் வந்தார். தங்கமான பிள்ளை. அம்மாவுக்கு மாத்திரை நேரம் தவறக் கூடாது என்று ஆபீசிலிருந்து நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறவர். அவர் டேப்லெட்டை வாங்கிக்கொண்டு கேள்விகளைப் படித்தார். ஹாலில் சத்தம் அதிகம், அதனால் கொஞ்சம் உரக்கவே படித்தார்.

"அம்மா, போன மாசத்துல பாத்ரூம் போறதுக்குள்ள துணி நனைஞ்சுதா?"

எதிர் வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா, ஒன்றிரண்டு தடவை என்று முணுமுணுத்தார். அடுத்தடுத்த கேள்விகள் போயின. இருபத்தேழாவது கேள்வி வந்தது.

"இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியுறாங்களாம்மா? இது உனக்கு இல்லை, இல்லைன்னு போட்டுடறேன்."

"ம்," என்றார் மோட்டாரக்கா.

அந்த ம் எவ்வளவு பெரிய பொய் என்று ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார், அதில் பாதி திரையை. உடல் இறுக்கம் அதிகம், நடை மெதுவு, மனத்தோற்றம் எதுவும் இல்லை. சரி என்று மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. இல்லை என்று எழுதியிருந்தால் எந்த டாக்டரும் அதைத்தான் செய்வார்.

அடுத்த மாதம் நான் எலும்பு வார்டுக்கு ஒரு வேலையாகப் போனபோது, மூன்றாவது கட்டிலில் மோட்டாரக்கா படுத்திருந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நடுங்காமல் மிச்சமிருந்த ஒரே கை அதுதான். பட்டப்பகலில், பதினொரு மணிக்கு, வீட்டு மாடிப்படியில் விழுந்திருந்தார்.

"கால் தடுக்கிடுச்சாக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். "தடுக்கலை சிஸ்டர். வழி விட்டேன்."

"யாருக்கு?"

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவார். கோட்டுலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். முன்னாடியெல்லாம் என் கட்டில் ஓரத்துல பேசாம உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மாத்திரையைக் கூட்டினதுக்கு அப்புறம் கூட ரெண்டு மூணு பேரைக் கூட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டார். அன்னிக்குப் படியில எதிர்ல ஏறி வந்தாங்க. அவங்க நிஜம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் நாலு பேர் எதிர்ல வந்தா உடம்பு தானா ஒதுங்குதே. ஒதுங்கின இடத்துல படி இல்லை."

"படிவத்துல இல்லைன்னு போட்டிருந்ததேக்கா," என்றேன். அசட்டுக் கேள்விதான்.

அவர் கோபப்படவில்லை. அவர் பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், இந்த நோய் குரலையும் விட்டுவைப்பதில்லை. குனிந்து கேட்டேன்.

"பதினெட்டு பேர் நடுவுல பெத்த பிள்ளை கேக்குறான். ஆமாம்டா, எனக்கு ஆள் தெரியுதுன்னு சொன்னா, அன்னிக்கே வீட்டுச் சாவியை வாங்கி வெச்சுக்குவான். அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு அவன் முகம் மாறும். அதை நான் பாக்கணும். அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு. நான் போய் உட்கார்ந்தப்ப அந்தப் பலகையில எனக்கு முன்னாடி இருந்தவரோட படிவம் அப்படியே திறந்து கிடந்தது. அந்த ஹெட்மாஸ்டர், வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு வருவாரே, அவரோடது. அவருக்கு எத்தனை நாளா மலம் போகலைங்கிறது எனக்குத் தெரியும் சிஸ்டர். ராத்திரி தூக்கத்துல கத்துறாருன்னு தெரியும். நான் கேக்கலை. கண்ணுல பட்டது. அப்போ நான் எழுதுறது அடுத்தவங்க கண்ணுல படாதா?"

முந்தையவரின் படிவம் ஏன் திறந்து கிடந்தது? பொதுக் கடவுச்சொல்லால் திறந்ததை யாரும் மூடவில்லை. கடவுச்சொல் ஏன் பொதுவாயிற்று? நோயாளியால் தன் கையால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆக, பாதுகாப்பு பாதுகாப்பு என்று ஏழு பூட்டுப் போட்டவர்கள், அந்தப் பூட்டை நோயாளியின் விரல் திறக்குமா என்று பார்க்கவில்லை. திறக்காத பூட்டுக்கு நான் பிளாஸ்திரியில் சாவி எழுதி வைத்தேன். முடிவில் எலும்பு உடைந்தது மோட்டாரக்காவுக்கு.

அன்று மாலையே டாக்டரை வார்டுக்கு அழைத்து வந்தேன். கட்டிலைச் சுற்றித் துணித் திரையை நான் இழுத்து மூடியதும் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை மாற்றி எழுதப்பட்டது. மகனுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவே சொன்னார். மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட ஏம்மா மறைச்சே? நான் என்ன வேத்து ஆளா?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இல்லடா. சொல்லலாமா, எப்போ சொல்லலாம்னு நான்தானே முடிவு பண்ணணும். உன் வாயால கேட்டு, ஊர் முன்னாடி நான் பதில் சொல்லணும்னு யார் விதிச்சா?"

மகனுக்கு அழுகை வந்துவிட்டது. நான் தான் தப்பு செய்துவிட்டேனா சிஸ்டர் என்று என்னைக் கேட்டார். உதவி செய்ய வந்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்கியது அந்தப் படிவம்.

வீட்டுக்குப் போனதும் அக்கா புகார் கொடுக்க நினைத்தார். நான் விசாரித்தேன். புகாருக்கும் டிஜிட்டல் படிவம்தானாம். அதற்கும் அதே ஆறு இலக்கம், அதே முப்பது வினாடி. கேட்டதும் அக்கா சிரித்தே விட்டார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்:

"எங்க ஸ்டேஷன்ல ஒரு மோட்டார் மக்கர் பண்ணினா யாரும் கத்த மாட்டோம். நோட்டுல எழுதுவோம். மணி என்ன, எதை அமுக்கினேன், என்ன ஆச்சு. பதினஞ்சு நாள் எழுதினா போதும். இன்ஜினியர் வாயைத் திறக்க முடியாது. ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க சிஸ்டர்."

அதற்கு முன் அவருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்ததும் நேராக ஹெட்மாஸ்டரிடம் போனார். "சார், உங்க படிவத்தை நான் பாத்துட்டேன். வேணும்னு பாக்கலை. ஆனா பாத்துட்டு சொல்லாம இருக்குறது சரியில்லைன்னு தோணுச்சு," என்றார்.

ஹெட்மாஸ்டரின் முகம் இந்த நோயால் இறுகிப்போன முகம். கோபமா வருத்தமா என்று பார்த்தால் தெரியாது. தொப்பியைக் கழற்றினார். "எதை எல்லாம் பாத்தீங்க?" என்றார். அக்கா ஒளிக்காமல் சொன்னார்.

"என் மனைவிக்கே நான் சொல்லாத விஷயம் அதுல ரெண்டு இருக்கு," என்றார் அவர். பிறகு, "நோட்டு வெச்சிருக்கீங்களாமே. முதல் பக்கத்துல என்னை எழுதுங்க."

இப்படித்தான் அது தொடங்கியது. அக்காவின் ஒரு கை மாவுக்கட்டில், ஒரு கை நடுக்கத்தில். அதனால் என் சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு பேர் சொன்னார்கள். 10.12, ஆம் தொட்டேன், இரண்டு தடவை பதிந்து அழிந்தது. 10.19, மாத்திரை வேலை செய்யத் தொடங்கவில்லை, கை எழவில்லை, படிவம் மூடிக்கொண்டது. 10.40, மருமகள் நிரப்பினாள், தாம்பத்தியம் பற்றிய கேள்விக்கு அவளே இல்லை போட்டாள். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் ஒரு தடவைகூடத் தன் கையால் முடித்ததில்லை. அதில் எட்டு பேர் ஏதாவது ஒரு கேள்விக்காவது பொய் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அந்தப் பொய்களை வைத்துத்தான் மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நோட்டை நான் தலைமை மருத்துவரம்மாவின் மேஜையில் வைத்தேன். படித்தவர் கூட்டம் போட்டார். தகவல் பிரிவு மேலாளர் வந்தார். படிவத்தைச் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்வழுக்கை, தூக்கம் இல்லாத கண். எங்களுக்கு அவர் படிவக்காரர். இந்தப் பக்கம் மோட்டாரக்கா, ஹெட்மாஸ்டர், நான்.

மேலாளர் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர் படிவத்தை முழுசா முடிச்சிருக்காங்க. குறை இருந்தா இந்த எண்ணிக்கை வருமா? நேரக் கட்டுப்பாடு, கையெழுத்து எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம். முடியாதவங்களுக்கு வீட்ல இருக்கிறவங்க உதவி பண்ணலாமே."

ஹெட்மாஸ்டர் மெதுவாக வாயைத் திறந்தார். "நான் இருபது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவன். பிள்ளைக்குப் பதிலா அப்பா வந்து எழுதினா அதை நாங்க உதவின்னு சொல்றதில்லை."

அக்கா பேச ஆரம்பித்தபோது எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்தக் குரலுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும்.

"எங்க ஸ்டேஷன்ல மோட்டாரை மொத்தமா நிறுத்துற சிவப்புப் பொத்தானுக்கு மேல ஒரு மூடி இருக்கும். மூடியைத் தூக்கிட்டுத்தான் அமுக்க முடியும். முழங்கை தெரியாம பட்டு ஊருக்கே தண்ணி நின்னுடக் கூடாது இல்லையா. தப்பா கை படும்னு தெரிஞ்சுதான் அதைச் செஞ்சாங்க. நாங்க அங்கே கை நடுங்காதவங்க. உங்க படிவம் கை நடுங்குறவங்களுக்கு. அதுல முப்பத்திரண்டு பதிலும் சும்மா இருந்தாலே அழியுது. மூடி எங்கே?"

"மேடம், தொண்ணூத்தி நாலு பேர்..."

"முடிச்சது யாருன்னு உங்க கணக்குல இருக்கா?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, மேஜையில் இருந்த டேப்லெட்டைத் திருப்பி வைத்தேன். பிளாஸ்திரியில் என் கையெழுத்து, நல்ல தெளிவான கையெழுத்து. "அந்தத் தொண்ணூத்தி நாலுல பாதி நான் முடிச்சது," என்றேன். "மிச்சம் மத்த நர்சுங்க, மகன்கள், மருமகள்கள்."

மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இதற்கு நீ அனுபவிப்பாய் என்கிற பார்வை. அனுபவித்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளியை ஒரு தடவைகூடக் கேட்காமல் படிவத்தை வாங்கிப் போட்டவருக்கு அந்த மாதிரி எந்தக் கடிதமும் போனதாக நான் கேள்விப்படவில்லை.

கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது படிவக்காரர் பின்னாலேயே வந்தார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வந்து உட்காரலாங்களா?"

"இதுக்கு முன்னாடி ஏன் சார் வரலை?" என்றேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"எனக்கு மூணு பக்கத்துல வேலையை எழுதிக் கொடுத்தாங்க. தலைப்புல பார்க்கின்சன்னு இருந்தது. உள்ளே நடுக்கம்ங்கிற வார்த்தையே இல்லை. நோயாளிகளைப் பாக்கலாமான்னு கேட்டேன், நேரம் இல்லைன்னுட்டாங்க. நானும் விட்டுட்டேன்." பிறகு, "விட்டிருக்கக் கூடாது," என்றார்.

அவர் ஆறு செவ்வாய்க்கிழமைகள் வந்தார். முதலில் செய்துகொண்டு வந்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பொத்தான்கள் பெரிதாக இருந்தன, சரி. ஆனால் பெரிதாக இருந்ததால் பக்கம் நீண்டு, திரையைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருந்தது. தள்ளுகிற விரல் போகிற வழியில் இரண்டு பதிலைத் தட்டிவிட்டுப் போனது. ஒரு திரைக்கு ஒரே கேள்வி என்று மாறியது. வேகமாகத் திரும்பத் திரும்பத் தொட்டால் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று மாறியது. வாயால் பதில் சொல்லலாம் என்று ஒன்று கொண்டுவந்தார், பெருமையாக. மெஷினுக்கு அக்காவின் குரல் காதிலேயே விழவில்லை. ஹெட்மாஸ்டர், "ஹால் நடுவுல உட்கார்ந்து என் வயித்துக் கதையை இதுகிட்ட உரக்கச் சொல்லணுமா?" என்று கேட்டார். வீட்டில் வைத்துச் செய்கிறவர்களுக்கு மட்டும் என்று அது ஒதுங்கிக்கொண்டது.

நேரக் கட்டுப்பாட்டில்தான் பெரிய சண்டை. யாராவது பாதியில் எழுந்து போனால் திரையில் இருப்பதை அடுத்தவர் பார்ப்பாரே, அழிக்காமல் என்ன செய்வது என்று படிவக்காரர் கேட்டார்.

"பூட்டிக்கட்டும். அழிக்க வேண்டாம்," என்றார் அக்கா.

அவ்வளவுதான் விஷயம். அந்த வாக்கியத்தைப் படிவக்காரர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். திரை தானாக மூடிக்கொள்ளும். பதில்கள் உள்ளே பத்திரமாகக் காத்திருக்கும். திறக்க, நோயாளியின் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டி, அவர் வைத்துக்கொண்ட நாலு இலக்கத்தைப் பெரிய எண்களில் தொட வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. கையெழுத்து ஒப்பிடுவது போயிற்று. பொதுக் கடவுச்சொல்லும் போயிற்று.

உதவிக்கு வருகிறவர்களை என்ன செய்வது என்பது கடைசிச் சிக்கல். உதவி தேவைப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். உதவுகிறவர் தன் பெயரில் வர வேண்டும், எந்தப் பதிலை யார் தொட்டார் என்பது பதிவாக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தரங்கமான ஒன்பது கேள்விகள் உதவுகிறவருக்குத் தெரியவே கூடாது, அவற்றை நோயாளியே தொட்டுக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு ஆம், இல்லை என்பதோடு மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும் என்றார் அக்கா: டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன்.

படிவக்காரர் யோசித்தார். "மூணாவதைத் தொட்டது பக்கத்துல நிக்கிற மகனுக்குத் தெரிஞ்சா, அதுவே பதில் மாதிரி ஆயிடுமே."

அவர் மேல் எனக்கு முதல் முறையாக மரியாதை வந்தது அப்போதுதான். எதைத் தொட்டாலும் திரை ஒரே மாதிரி அடுத்த கேள்விக்குப் போகும்படி செய்தார். எதைத் தொட்டீர்கள் என்பது டாக்டருக்கும் உங்களுக்கும் மட்டும்.

புதிய படிவம் தயார் என்றதும் மேலாளர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். அக்கா டேப்லெட்டோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். அக்கா வந்தார், உட்கார்ந்தார், சில பதில்களைத் தொட்டுவிட்டு, ஐந்து நிமிடம் திரையைத் தொடாமல் காத்திருந்தார். திரையில் அத்தனையும் அழிந்தது. அந்த ஒன்றை மட்டும் மேலாளர் பழையபடியே விட்டிருந்தார். விதிமுறை அப்படித்தான், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அப்போ படத்தையும் அடுத்த தடவை எடுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். எழுவதற்கே அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடமும் போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். மகன் அம்மாவின் தோளைப் பிடிக்கப் போனவர், கையை மடக்கிக்கொண்டு, அவர் கேட்பதற்காகக் காத்திருந்தார்.

விதிமுறையை மாற்றப் பதினோரு வாரம் ஆனது. அக்கா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தலைமை மருத்துவரம்மாவின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் பேசமாட்டார். நோட்டு மடியில் இருக்கும். படிவக்காரர் கம்பெனிக்குள் சண்டை போட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பதினோரு வாரத்துக்குள் ஹெட்மாஸ்டர் விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டார். தன் கையால் ஒரு தடவைகூட அவர் புதிய படிவத்தை நிரப்பவில்லை. ஒரு வரியை மாற்ற, ஒரு மனிதர் எழுந்து நடக்க முடிந்த காலத்தில் மிச்சமிருந்த அத்தனை செவ்வாய்க்கிழமைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அதை நான் மன்னிக்கவில்லை.

பன்னிரண்டாவது வாரம் மோட்டாரக்கா மறைப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து நிரப்பினார். இருபத்தாறு நிமிடம். மகன் ஹாலின் மறுகோடியில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா எதைத் தொட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. டாக்டர் அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு வெகு நேரம் பேசினார். வெளியே வந்த அக்காவின் முகம் வழக்கம்போல் அசையவில்லை, ஆனால் நடை லேசாக இருந்தது. மழைக்கோட்டுக்காரர் இப்போது எப்போதாவதுதான் வருகிறாராம், தனியாக.

இதெல்லாம் எங்கள் ஒரு பிரிவில் மட்டும். மற்ற மாடிகளில், அந்தந்த நோய்க்கு ஏற்ற கேள்விகளோடு, அதே பழைய மாதிரிப் படிவம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. போன வாரம் மேல்மாடியில் ஒரு அம்மாளைப் பார்த்தேன். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். ஒரு வார்டு உதவியாளர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா என்ற கேள்வியை, அந்த அம்மாளின் கணவர் பக்கத்தில் நிற்கும்போதே உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார்.

அது என் பிரிவு இல்லை. இருந்தும் போய், "இதுக்கு நீங்க இப்போ பதில் சொல்ல வேண்டாம்மா," என்று சொல்லி, டேப்லெட்டை வாங்கி அணைத்துவிட்டேன். அடுத்த பிரிவு வேலையில் தலையிட்டதற்காக எனக்கு இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. மூன்று நாளுக்குள் பதில் தர வேண்டுமாம். மோட்டாரக்காவிடம் காட்டினேன். மணி, இடம், யார் கேட்டது, யார் நின்றது, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஆறு பக்கம் வந்திருக்கிறது.